அழைத்த படைக்குத் திரும்பும் நாள் எது?

(கமக்காரரும் சட்டத்தரணிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)





வயலிலிருந்து வந்தோரும் கந்தோரிலிருந்து வந்தோரும் இன்று ஒரே பந்தலின் கீழ் அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலால் எடுத்துக்கொண்ட பொருளைச் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்காது, குளக்கட்டிலிருந்து தொடங்குகிறோம்.

மாரி மழையில் குளக்கட்டு உடைப்பெடுத்தால் ஊரே திரண்டு ஓடுகிறது. கையில் அகப்பட்ட சாக்கிலெல்லாம் மண்ணை நிரப்பி அடுக்குகிறோம். எவனுடைய சாக்கு, எவனுடைய காணி மண் என்று அவ்வேளையில் எவரும் கேட்பதில்லை. ஆனால், வெள்ளம் வடிந்து கட்டும் திருத்தப்பட்ட பின்னர், அம்மூடைகளை வாய்க்காலின் நடுவிலேயே விட்டுவைத்தால் என்ன நேரும்? அடுத்த போகத்தில் வயலுக்கு நீர் வராது. ஊரைக் காத்த மூடையே பயிரை வாட்டும். மூடையில் குற்றமில்லை, எடுக்கவேண்டிய நாளில் எடுக்காமையே குற்றம்.

நாட்டின் உள்விவகாரங்களில் இராணுவத்தைப் பயன்படுத்துவது பற்றி நாம் கூறவந்ததும் இதுவே. படையை அழைக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் நாட்டைச் சூழ்ந்தபோதும், மக்களை மீட்கப் படையினரும் இறங்கினர். அதனை மறுப்பது நன்றிகேடு. நாம் கேட்பது வேறு கேள்வி. அழைத்த படை திரும்பிப் போகும் நாள் எது? அந்த நாளைக் குறிப்பவர் யார்? இடைக்காலத்தில் அது செய்தவற்றுக்குக் கணக்குக் கேட்பவர் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடையில்லாத நாட்டில் குடிமகனுடைய உரிமை என்பது மழைக்கால மணல்வீடேயாகும்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

1947ஆம் ஆண்டு யூன் மாதம், நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், அக்காலத்து அரசாங்க சபையில் அவசரம் அவசரமாக நிறைவேற்றப்பட்டதே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளையன் போகுமுன்னர் நம்மவர் கையில் கொடுத்துப்போன சாவிக்கொத்தில் இதுவும் ஒரு சாவி. இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒரு பிரதேசத்தில் பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்து அல்லது நேரும் தறுவாயிலிருந்து, அதனைச் சமாளிக்கப் பொலிசார் போதாதென்று நாட்டின் தலைவர் கருதினால், அப்பிரதேசத்தில் பொது அமைதியைக் காக்க ஆயுதப் படைகளை வர்த்தமானி அறிவித்தல் மூலம் அழைக்கலாம் என்கிறது. ஒருமுறை இட்ட ஆணை ஒரு மாதம் நிற்கும். ஆயின் மாத முடிவில் மீண்டும் ஓர் ஆணை இடுவதற்குத் தடையில்லை.

சட்டத்தரணிகள் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று, "பிரதேசம்" என்பது. மற்றொன்று, "பொலிசார் போதாமை" என்பது. ஓரிடத்தில் கலகம், அவ்விடத்துப் பொலிசாரால் இயலவில்லை, ஆகவே அவ்விடத்துக்குப் படை. இதுதான் சட்டத்தின் கருத்து. அவசரகாலப் பிரகடனத்துக்குப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். இந்த 12ஆம் பிரிவுக்கோ அவசரகாலப் பிரகடனமே வேண்டியதில்லை. அதுவே இதன் வசதி. அதுவே இதன் ஆபத்து.

இந்தப் பிரிவு வந்த வரலாற்றையும் அறிந்துகொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டு மே மாதம் தமிழர் மீது கொடுமை கட்டவிழ்த்துவிடப்பட்டது. மே 27ஆம் நாள் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகா அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். படை இறங்கிய பின்னரே கலவரம் தணிந்தது. கொழும்பில் அகதிகளாய் நின்ற நம்மவர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தனர். அன்று படையினர் வந்ததனால் உயிர் தப்பிய குடும்பங்கள் பல. இதனை நாம் மறைக்கப்போவதில்லை. ஆயினும் அதே அவசரகாலத்தின் கீழ், அடி வாங்கிய மக்களின் பிரதிநிதிகளான தமிழரசுக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். அந்த அவசரகாலம் 1959 மார்ச் வரை நீடித்தது. அது நீங்கிய அதே 1959ஆம் ஆண்டில் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அவசரகாலமின்றியும் படையை அழைக்கும் இந்த அதிகாரம் அதன் மூலமே சட்டத்தில் சேர்ந்தது. வெள்ளம் வடிந்தது, மூடை வாய்க்காலில் தங்கிவிட்டது!

அன்பர்களே, இந்நோய் 1958இல் தொடங்கியதன்று. இன்னும் முன்னே செல்வோம்.

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. யூன் 2ஆம் நாள் ஆங்கில அரசாங்கம் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கலவரம் சில நாட்களில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஒகஸ்ட் மாத இறுதிவரை நின்றது. குழப்பம் நடந்த நாட்களைக் காட்டிலும், குழப்பம் அடங்கிய பின்னர் சென்ற நாட்களே கொடிய நாட்கள். டி. எஸ். சேனநாயக்கா போன்ற சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அதிகாரிகள் செய்தவற்றுக்கெல்லாம் வழக்கில்லை என்று காப்புச் சட்டமும் வந்தது.

அப்போது சட்டசபையில் எழுந்து நின்று, கலகம் அடங்கிய பின்னர் இராணுவச் சட்டம் எதற்கு என்று கேட்டவர் யார்? சேர் பொன்னம்பலம் இராமநாதன். சிங்கள மக்களுக்காகவே அத்தமிழர் வாதாடினார், நூலும் எழுதினார். தன் இனத்தவர் சிறைப்பட்டபோது குரலெழுப்புவது இயல்பு. அயலான் சிறைப்பட்டபோது எழுப்பும் குரலே சட்டத்தின் குரல். இந்தப் பாடத்தைக் கற்பித்தவர் நம் மண்ணின் மைந்தர் என்பதில் நாம் பெருமைப்படலாம். அதனை எத்தனை பேர் பின்பற்றினோம் என்பதை நினைத்து நாணவும் வேண்டும்.

இனி 1961க்கு வருவோம். இங்குள்ள முதியோர் பலர்க்கு அது கேள்வியன்று, கண்ணாற் கண்டது. பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. கையில் கல் இல்லை, தடி இல்லை. இருந்தனர், பாடினர், அடித்தபோது வாங்கினர். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா எனத் தமிழ்ப் பிரதேசமெங்கும் அது பரவிற்று. ஏறக்குறைய எட்டு வாரங்கள் அரசாங்க இயந்திரம் அசையாது நின்றது. ஏப்பிரில் 14ஆம் நாள் தமிழரசுக் கட்சி தன் அஞ்சல் சேவையைத் தொடங்கியது. ஏப்பிரில் 17ஆம் நாள் அவசரகாலப் பிரகடனம் வந்தது. அன்றிரவே படை வந்தது. உட்கார்ந்திருந்த மக்கள் அடித்துக் கலைக்கப்பட்டனர். தந்தை செல்வநாயகமும் ஏனைய தலைவர்களும் பனாகொடை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒக்டோபர் வரை மறியலில் வைக்கப்பட்டனர்.

சத்தியாக்கிரகம் நடந்தது எட்டு வாரம். அதற்கென்று வந்த அவசரகாலம் நீங்கியதோ 1963 ஏப்பிரிலில். இரண்டு ஆண்டுகள்! அமர்ந்திருந்த மக்களை எழுப்பி அனுப்புவதற்கு இரண்டு ஆண்டு அவசரகாலம் எதற்கு? அன்று எவரும் விடை தரவில்லை.

ஆயின் விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1962ஆம் ஆண்டு சனவரி மாதம், இராணுவத்தையும் கடற்படையையும் பொலிசையும் சேர்ந்த மேலதிகாரிகள் சிலர் அரசாங்கத்தையே கவிழ்க்கச் சதி செய்தனர் என்று கைதாயினர். உள்நாட்டு அரசியற் பிணக்குகளைத் தீர்க்கப் படையைத் திரும்பத் திரும்ப ஏவும் அரசாங்கம், நாட்டை ஆளவும் தம்மாலாகும் என்ற எண்ணத்தைப் படைத்தலைவர்க்கு ஊட்டுகிறது. பிறர் வயலில் மேயப் பழக்கிய மாடு, பழக்கியவன் வயலை விட்டுவைக்குமா?

அதைவிட முக்கியமான பாடம் அவ்வழக்கின் முடிவில் உண்டு. குற்றம் சாட்டப்பட்டோரைத் தண்டிப்பதற்கென்றே, நடந்த செயலுக்குப் பின்னர் ஒரு விசேட சட்டத்தை அரசாங்கம் செய்தது. 24 பேர் விசாரிக்கப்பட்டனர். 11 பேர் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். 1965ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டம் செல்லாதென்று தீர்த்து, அவர்களை விடுவித்தது. நீதித்துறையின் அதிகாரத்தில் சட்டமன்றம் கைவைக்கலாகாது என்பதே காரணம். சனநாயகத்தை அழிக்க முயன்றார்கள் என்று சொல்லப்பட்டவர்களைச் சனநாயகத்தின் விதியே காத்தது. சுதந்திரத்தின் காவல் குடிமகனுக்கு மட்டுமன்று, படைவீரனுக்கும் அதுவே காவல் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

1971ஆம் ஆண்டு தெற்கில் சிங்கள இளைஞர் கிளர்ச்சி செய்தனர். மார்ச் 16ஆம் நாள் அவசரகாலம் வந்தது. ஏப்பிரில் 5ஆம் நாள் கிளர்ச்சி வெடித்தது. சில மாதங்களில் அது அடக்கப்பட்டது. அவசரகாலமோ 1977 பெப்ரவரி வரை, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், தொடர்ந்தது. மரண விசாரணையின்றியே பிணங்களை அப்புறப்படுத்தலாம் என்று விதி செய்தனர். கதிர்காமத்தில் பிரேமாவதி மனம்பேரி என்னும் இளம் பெண்ணைப் படையினர் கொன்றனர். அவ்வழக்கு ஒன்றாவது சாதாரண நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். ஆயின் பிணங்களை மறைக்க அனுமதித்த அதே வகை விதி 1983ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் எழுதப்பட்டது. இம்முறை வடக்கை நோக்கி எழுதப்பட்டது. 1971இல் அந்த விதி தெற்கில் பழக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினோம்? அயல்வீட்டுக் கூரையில் தீ இருக்கையில் உறங்கியவர்கள் நாமும்தான்.

1979ஆம் ஆண்டு யூலை மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதே மாதம் ஒரு பிரிகேடியர், அவ்வாண்டு டிசெம்பர் 31ஆம் நாளுக்கு முன்னர் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இம்முறை திரும்பும் நாள் எழுதப்பட்டிருந்தது. படைக்கு ஆறு மாதம். சட்டத்துக்கு மூன்று ஆண்டு. மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே இது நிலைக்கும் என்று சட்டத்திலேயே பொறித்திருந்தனர். நடந்ததென்ன? 1982இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தற்காலிகம் என்று சொன்னது நிரந்தரமாயிற்று. விளக்கமின்றிப் பதினெட்டு மாதம் அடைத்துவைக்கவும், பொலிஸ் அதிகாரிக்குக் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக்கவும் அச்சட்டம் இடங்கொடுத்தது. 2022இல் திருத்தியபோதும் தடுப்புக் காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தனரேயன்றிச் சட்டத்தை நீக்கவில்லை. மூன்று ஆண்டு என்று வந்த விருந்தாளி நாற்பது ஆண்டுக்கு மேல் திண்ணையை விட்டு எழவில்லை!

ஆறு மாதத்தில் ஒழிப்போம் என்று புறப்பட்ட காரியம் முப்பது ஆண்டுப் போராய் முடிந்தது. இதன் பழி முழுவதையும் ஒரு பக்கத்தில் மட்டும் சுமத்த நாம் வரவில்லை. நம் பக்கத்து ஆயுதமும் நம் வாயை அடைத்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று எந்த நீதிமன்றத்துக்கு அவர்கள் போயிருக்க முடியும்? எந்தத் தமிழ்ச் சட்டத்தரணி எழுந்து வாதாடினார்? சட்டத்துக்கு மேலே நிற்கும் ஆயுதம், யார் கையில் இருந்தாலும், ஆயுதமில்லாதவனுக்கு எமனே.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2011 ஒகஸ்ட் மாதத்தில் அவசரகாலமும் நீங்கிற்று. வெள்ளம் வடிந்துவிட்டது என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. பின்னர் நடந்ததைக் கேளுங்கள். முன்னர் சொன்ன 12ஆம் பிரிவின் கீழ், மாதந்தோறும், ஒவ்வொரு மாவட்டத்தின் பெயரையும் எழுதி, இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் படையை அழைத்து ஆணை வெளிவந்தது. 2019 ஏப்பிரில் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் வந்த அவசரகாலம் ஒகஸ்டில் நீங்கியபோதும் அவ்வாறே. 2019 நவம்பரில் புதிய சனாதிபதி வந்தபோதும் அவ்வாறே. 2024 செப்டெம்பரில் இன்னொரு சனாதிபதி பதவியேற்ற பின்னரும் அத்தகைய ஆணை வெளிவந்தது. கட்சி மாறிற்று, கொடி மாறிற்று, வாக்குறுதி மாறிற்று. வர்த்தமானி மட்டும் மாறவில்லை.

சட்டம் சொன்ன "பிரதேசம்" எங்கே போயிற்று? தீவு முழுவதும் ஒரே பிரதேசமா? அம்பாந்தோட்டையிலும், நுவரெலியாவிலும், புத்தளத்திலும், கிளிநொச்சியிலும் ஒரே நாளில் பொலிசார் போதாமற் போனார்களா? மாதம் தவறாமல் போதாமற் போனார்களா? போதாதென்றால் பொலிசைத் திருத்துவது அரசாங்கத்தின் கடமையல்லவா? இக்கேள்விகளைப் பாராளுமன்றத்தில் இருப்போர் மாதந்தோறும் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர் மிகச் சிலர். பழகிப்போன கேடு கேடாகத் தோன்றுவதில்லை என்பதே இதன் பொருள்.

கமக்காரப் பெரியோர்களே! இது வர்த்தமானியோடு நிற்கும் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். படைக்குத் திரும்பும் நாள் இல்லையென்றால் அது தங்க இடம் வேண்டும். அந்த இடம் யாருடையது? உங்களுடையது.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். செம்மண் தோட்டமும், கிணறும், கோயிலும், பள்ளிக்கூடமும் உயர் பாதுகாப்பு வலயம் என்ற வேலிக்குள் அகப்பட்டன. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் சென்ற பின்னர், 2013 ஏப்பிரிலில், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர் என்ன செய்தனர்? கல்லெடுத்தார்களா? இல்லை. உறுதியைத் தேடி எடுத்தனர். சட்டத்தரணிகளிடம் போயினர். ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015க்குப் பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுபடலாயின. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில், இருபத்தேழு ஆண்டுகளின் பின்னர், மீனவர் கைக்கு மீண்டது. அதே 2017இல் கேப்பாபுலவு மக்கள், தாய்மாரும் குழந்தைகளுமாய், முகாம் வாயிலில் வெயிலென்றும் பனியென்றும் பாராது அமர்ந்திருந்து தங்கள் நிலத்தைக் கேட்டனர்.

கமக்காரனும் சட்டத்தரணியும் சேர்ந்து நின்றதனால் கிடைத்தது இது. உறுதி வைத்திருந்தவனுக்கு வழக்குத் தெரியாது. வழக்குத் தெரிந்தவனுக்குக் காணியின் எல்லை தெரியாது. இருவரும் சேர்ந்தபோதுதான் வேலி அசைந்தது. இதனை மறவாதீர்கள்.

நமக்கு மட்டுமே இந்தத் துன்பம் என்று நினைப்பதும் தவறு. 2013ஆம் ஆண்டு ஒகஸ்ட் முதலாம் நாள், கம்பகா மாவட்டத்து வெலிவேரியாவில், குடிப்பதற்கு நல்ல தண்ணீர் கேட்டு வீதியில் நின்ற சிங்கள மக்கள் மீது இராணுவத்தினர் சுட்டனர். மூன்று உயிர் போயிற்று. தண்ணீர் கேட்டவனுக்குப் பொலிசாரும் வேண்டியதில்லை, தண்ணீர்தான் வேண்டும். 2022ஆம் ஆண்டு யூலை 22ஆம் நாள் விடியுமுன்னர், கொழும்பு காலிமுகத் திடலில், அன்று பகல் கலைந்துபோவதாகச் சொல்லியிருந்த போராட்டக்காரரைப் படையினரும் பொலிசாரும் புகுந்து அடித்துக் கலைத்தனர். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் இரவோடிரவாக நடந்ததை அறிந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. புதியது என்னவென்றால், இம்முறை தெற்கும் அதனைக் கண்டது.

அந்த யூலை மாதத்து அவசரகால விதிகள் பற்றிய வழக்கில், 2025 யூலை 23ஆம் நாள் உயர் நீதிமன்றம், 2022 யூலை 17ஆம் நாள் இடப்பட்ட அவசரகால ஏற்பாடு மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதென்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டு தாமதம்தான். ஆயினும் நாட்டின் தலைவர் "அவசரம்" என்று சொன்னவுடன் நீதிமன்றம் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை என்பது நிலைநாட்டப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "நாட்டில் ஆபத்து இருக்கிறது, போதைப்பொருள் இருக்கிறது, துப்பாக்கிக் குழுக்கள் இருக்கின்றன, படை நின்றால்தானே பயம் இருக்கும்?" என்று நம்மவரிலேயே சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் ஏளனம் செய்யமாட்டோம். கள்வர் பயத்தால் உறங்காத வீட்டுக்காரனின் கேள்வி அது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். பொலிஸ்காரன் கற்பது குற்றத்தைக் கண்டுபிடித்து, சாட்சியத்தோடு நீதவான் முன் நிறுத்துவதை. போர்வீரன் கற்பது எதிரியை வெல்வதை. எதிரியென்றும் அயலவனென்றும் பிரித்தறிய வேண்டிய இடத்தில் போர்வீரனை நிறுத்துவது அவனுக்கும் அநீதி, ஊருக்கும் அநீதி. வடக்கு முழுவதும் முகாமும் காவலரணும் நிறைந்திருந்த ஆண்டுகளிலேயே போதைப்பொருள் நம் பிள்ளைகளை எட்டிவிட்டது. துப்பாக்கியின் தொகையால் குற்றம் குறையுமானால், நம் நாடே உலகத்தில் குற்றமற்ற நாடாயிருக்க வேண்டும்!

அப்படியானால் நாம் கேட்பது என்ன? நான்கே காரியங்கள்.

முதலாவது, படையை அழைக்கும் ஒவ்வோர் ஆணையும் எந்த இடம், என்ன காரணம், எந்த நாள் முடிவு என்பவற்றை எழுத வேண்டும். மாதத்துக்கு மேல் நீட்டுவதானால் பாராளுமன்றம் விவாதித்து வாக்களித்தே நீட்ட வேண்டும். 

இரண்டாவது, படையினர் ஒருவரைப் பிடித்தால் தாமதமின்றிப் பொலிசாரிடமும் நீதவானிடமும் ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தாருக்கு எழுத்தில் சீட்டுக் கொடுக்க வேண்டும். 2009இல் படையினரிடம் கையளித்த பிள்ளையைத் தேடி, ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல், ஆண்டுக்கணக்காய் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாயைக் கண்ட எவரும் இக்கோரிக்கையைச் சிறிதென்று சொல்லார்.

மூன்றாவது, காப்புச் சட்டம் இனி வேண்டாம். 1915இல் ஒன்று வந்தது. 1977 ஒகஸ்ட் மாதத்துச் செயல்களுக்காக 1982இல் ஒன்று வந்தது. 1988இல் அதனை நீட்டினர். நேர்மையாய்க் கடமை செய்த வீரனுக்குச் சாதாரண நீதிமன்றமே போதிய காப்பு. காப்புச் சட்டத்தால் காக்கப்படுபவன் குற்றவாளி மட்டுமே.

நான்காவது, குடிசார் வேலை குடிசார் உத்தியோகத்தரிடம் திரும்ப வேண்டும். 2020இல் தொற்றுநோய்த் தடுப்பின் தேசிய நிலையத்துக்கே இராணுவத் தளபதி தலைவரானார். வைத்தியர்களே, நோயை அறிந்தவர் நீங்களல்லவா? வெள்ளத்தை அறிந்தவன் நீர்ப்பாசன உத்தியோகத்தன். காணியை அறிந்தவர் பிரதேச செயலாளர். அவர்கள் கதிரையில் சீருடை அமர்ந்தால், நாளை அந்தக் கதிரைக்குரிய அறிவும் பொறுப்பும் நாட்டில் இல்லாமற் போகும்.

அரசாங்கத்திடம் கேட்பது இவ்வளவு. நாம் செய்யவேண்டியதும் உண்டு. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்புத் தரும் அவகாசம் ஒரே மாதம். அந்த ஒரு மாதத்தை அழுதும் அஞ்சியும் கழித்தவர் எத்தனை பேர்! அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கில் சேராது என்பதை ஒவ்வொரு கமக்காரனும் அறிந்திருக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானால் அவ்வாணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துள் அறிவிக்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே எழுதிவையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த வாகனம், யார் வந்தார், என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். காணி உறுதியை எப்படிப் பெட்டியில் வைத்துக் காக்கிறீர்களோ, அப்படி அந்தக் கொப்பியையும் காத்துவையுங்கள்.

சட்டத்தரணிகளே, உங்களிடம் கேட்பது மாதத்தில் ஒரு நாள். ஒரு கிராமத்துக்கு வந்து, ஒரு கோயில் மண்டபத்தில் அமர்ந்து, அந்தக் கொப்பிகளைப் பாருங்கள். சிங்களக் கிராமத்தவன் வந்து கேட்டாலும், முஸ்லிம் கிராமத்தவன் வந்து கேட்டாலும் மறுக்காதீர்கள். 1915இல் இராமநாதன் மறுக்கவில்லை.

பெரியோர்களே, நாம் படையினரை வெறுக்கும் கூட்டமல்ல. அவர்களும் ஏழைக் கமக்காரரின் பிள்ளைகளே. அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பித் தங்கள் தந்தையின் வயலில் இறங்கும் நாளையும் நாம் விரும்புகிறோம். அந்த நாளை ஆணைப் பத்திரத்தில் எழுதுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கட்டு திருத்தியாயிற்று, வாய்க்காலிலுள்ள மூடையை எடுங்கள். நீர் வயலுக்கு வரட்டும்.